சேசிஸ் சுவிட்சா, ஸ்டாக்கா? கேட்டலிஸ்ட் 9407ஆர், அரூபா 6405, கேட்டலிஸ்ட் 9300 மூன்றையும் வைத்து ஒரு ஒப்பீடு

நெட்வொர்க்கை முழுசாக நிறுத்த உங்கள் நிறுவனத்தில் மாதம் ஒரு இரவாவது கிடைக்கும் என்றால் சேசிஸ் சுவிட்ச் (ஒரே பெரிய பெட்டிக்குள் கார்டுகளைச் செருகுவது) வாங்காதீர்கள், ஸ்டாக் (சிறு சுவிட்சுகளை ஒன்றாக இணைப்பது) போதும். அப்படி ஒரு இரவே கிடைக்காது, அதோடு 200 கேபிளுக்கு மேல் ஒரே அறையில் வந்து முடிகிறது என்றால் மட்டும் சேசிஸ் பக்கம் போங்கள். இதுதான் என் முடிவு. எப்படி வந்தேன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கொட்டேஷன் கொடுக்கிற பலர் போர்ட் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு ஒரு பெரிய பெட்டியின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், வாங்குகிறவர்களும் பெரிய பெட்டி என்றால் பாதுகாப்பு என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள்.

என் வேலை அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது. ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குப் பார்க்க வேண்டி வந்தது. ஒன்று திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி அலுவலகம், இன்னொன்று மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. இரண்டிலும் சுமார் 240 போர்ட். இரண்டிலும் எல்லாத் தளங்களின் கேபிளும் ஒரே அறைக்கு வருகிறது, எதுவும் 90 மீட்டரைத் தாண்டவில்லை. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே தேவை. ஆனால் திருப்பூரில் ஞாயிறு இரவு யாரும் இல்லை. மருத்துவமனையில் ஐசியூ, ஸ்கேன் படங்கள், மருந்தகம், நர்ஸ் மேசைத் தொலைபேசி எல்லாம் இதே சுவிட்ச் வழியாகத்தான் போகின்றன, அங்கே ஞாயிறு இரவு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரே எண்ணிக்கைக்கு இரண்டு வேறு பெட்டிகளைப் பரிந்துரைத்ததற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் காரணம்.

முதலில் ஸ்டாக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதற்கு உரிய மரியாதை யாரும் கொடுப்பதில்லை. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300-ஐ எடுத்துக்கொண்டால் 8 சுவிட்சுகளைப் பின்பக்கம் ஸ்டாக் கேபிளால் இணைத்து ஒரே சுவிட்சாக நடத்தலாம். ஒவ்வொன்றும் 48 போர்ட் என்றால் மொத்தம் 384. இப்போது அதே நிறுவனத்தின் பெரிய சேசிஸான 9410ஆர்-ஐப் பாருங்கள்: 10 ஸ்லாட், அதில் 2 சூப்பர்வைசருக்கு (பெட்டியை நடத்துகிற மூளைக் கார்டு) போக 8 லைன் கார்டு (கேபிள் செருகும் போர்ட்டுகள் உள்ள கார்டு), அதே 384 போர்ட். ஸ்டாக் 8 யூனிட் (ரேக்கின் உயர அளவு) உயரத்தில் முடிந்துவிடுகிறது, சேசிஸுக்கு ரேக்கில் 13 யூனிட் வேண்டும். ஸ்டாக்கில் ஒரு சுவிட்ச் செத்தால் 48 போர்ட் போகும், சேசிஸில் ஒரு லைன் கார்டு செத்தால் அதே 48 போர்ட்தான் போகும். ஸ்டாக்கை இரண்டு சுவிட்சோடு ஆரம்பித்து வேண்டியபோது வளர்த்துக்கொண்டே போகலாம், சேசிஸில் காலிப் பெட்டிக்கும் சூப்பர்வைசருக்கும் முதல் நாளே பணம் கட்டியாக வேண்டும். பழுதான ஒரு ஸ்டாக் உறுப்பினரை மாற்ற அதே மாடல் ஒன்றை அலமாரியில் ஸ்பேராக வைத்திருந்தால் போதும், கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் எதற்குத்தான் சேசிஸ்? சாஃப்ட்வேர் மேம்படுத்தும் நேரத்துக்குத்தான். ஸ்டாக்கில் புதிய ஐஓஎஸ் எக்ஸ்இ (சிஸ்கோ சுவிட்சின் மென்பொருள்) போட்டால் சாதாரண முறையில் மொத்த ஸ்டாக்கும் ரீலோட் ஆகும், அதற்குச் சில நிமிடங்கள் போகும். 9300-இல் நீட்டித்த வேக மேம்படுத்தல் என்று ஒரு முறை உண்டு, டிராஃபிக் நிற்கும் நேரத்தை 30 விநாடிக்குள் கொண்டுவரலாம் என்கிறார்கள், ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன, எல்லாப் பதிப்புக்கும் அது ஒத்துவராது. சேசிஸில் இரண்டு சூப்பர்வைசர் இருந்தால் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றுக்குப் புதுப் பதிப்பு ஏற்றி, கைமாற்றி, பிறகு முதலாவதற்கும் ஏற்றலாம். இதைத்தான் ஐஎஸ்எஸ்யு என்கிறார்கள். ஒரு சூப்பர்வைசர் திடீரெனச் செத்தாலும் மற்றது ஒரு விநாடிக்குள் வேலையை எடுத்துக்கொள்ளும், தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அநேகமாகத் தெரியாது. மருத்துவமனைக்கு நான் சேசிஸ் சொன்னது இந்த ஒன்றுக்காகத்தான். எப்போது நிறுத்துவது என்று கேட்டுக் கேட்டே வருஷக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தங்கள் போடாமல் விடப்பட்ட சுவிட்சுகளை மருத்துவமனைகளில் பார்த்திருக்கிறேன், அது ரொம்ப ஆபத்தான நிலை.

இங்கேயே ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒரே ஒரு சூப்பர்வைசரோடு சேசிஸ் வாங்குவதில் அர்த்தமே இல்லை. கொட்டேஷனில் விலையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இரண்டாவது சூப்பர்வைசர்தான், அதை வெட்டிவிட்டால் சேசிஸின் எல்லாச் செலவும் உங்கள் தலையில் இருக்கும், அது தருகிற ஒரே பெரிய நன்மை கையை விட்டுப் போயிருக்கும். பணம் இல்லை என்றால் நிம்மதியாக ஸ்டாக்குக்குத் திரும்பிவிடுங்கள்.

சரி, கேட்டலிஸ்ட் 9400. 2017-இல் வந்த வரிசை, மூன்று அளவு: 9404ஆர், 9407ஆர், 9410ஆர். நான் பார்த்தது நடுவில் உள்ள 9407ஆர், 10 யூனிட் உயரம், 5 லைன் கார்டு, அதாவது சரியாக 240 போர்ட். சரியாக 240 என்பது கொஞ்சம் இடிக்கும். வளர்ச்சிக்கு இடம் இல்லையே என்று யாரும் கேட்பார்கள், மருத்துவமனையில் கட்டடம் பெரிதாவதாக இருந்தால் 9410ஆர்தான் சரி. அங்கே புதுத் தொகுதி தனிக் கட்டடம், தனி அறை என்பதால் 9407ஆர் போதும் என்று விட்டோம்.

இந்தப் பெட்டியின் உள்ளமைப்பு தெரிந்தால் வாங்கும் முடிவு எளிதாகும். 9400-இல் லைன் கார்டுகளுக்கு மூளை கிடையாது, ஒவ்வொரு பாக்கெட்டும் சூப்பர்வைசரில் இருக்கிற யுஏடிபி சிப்புக்குப் போய்த்தான் வழி தெரிந்துகொண்டு திரும்பும். இதில் ஒரு வசதி இருக்கிறது: நாளைக்குப் புது சூப்பர்வைசர் போட்டால் பழைய லைன் கார்டுகளும் சேர்ந்தே புது அம்சங்களைப் பெறும். கூடவே ஒரு கட்டுப்பாடும் உண்டு, ஸ்லாட்டுக்கு எவ்வளவு வேகம் என்பதை சூப்பர்வைசர்தான் தீர்மானிக்கும். முதலில் வந்த சூப்பர்வைசர்-1 ஒரு ஸ்லாட்டுக்கு 80 கிகாபிட் கொடுத்தது. 1எக்ஸ்எல் போட்டால் 9407ஆர்-இல் 120, சின்னப் பெட்டியான 9404ஆர்-இல் 240, ஆனால் பெரிய 9410ஆர்-இல் அதே 80. பெட்டி பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் கிடைக்கிற பங்கு சிறிதாகிறது, இதை விற்பனை விளக்கத்தில் யாரும் முன்னால் வைத்துச் சொல்வதில்லை. பின்னால் வந்த 2எக்ஸ்எல் அதே பழைய பெட்டியில் ஸ்லாட்டுக்கு 480 வரை கொண்டுவந்தது. 2017-இல் பெட்டி வாங்கியவர் பெட்டியை மாற்றாமலே அதற்குப் போகலாம் என்பது பாராட்ட வேண்டிய விஷயம்.

இந்த எண்கள் எங்கே கடிக்கும் என்றால், வைஃபை ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு 2.5, 5 கிகாபிட் போர்ட் வேண்டும் என்று வருகிறபோது. 48யுஎக்ஸ் என்கிற லைன் கார்டில் 24 போர்ட் 10 கிகாபிட் வரை போகும், மீதி 24 ஒரு கிகாபிட். கூட்டினால் 264. ஸ்லாட்டில் இருப்பது 80 என்றால் மூன்றுக்கு ஒன்று என்பதையும் தாண்டிய நெரிசல். சாதாரண 48 போர்ட் ஒரு கிகாபிட் கார்டுக்கு 80 தாராளம். அலுவலகத்தில் எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் அனுப்புவதில்லை என்பதால் மூன்றுக்கு ஒன்று பெரும்பாலும் தாங்கும், இருந்தாலும் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்து கொடுக்க வேண்டும்.

பேக்ப்ளேன் (பெட்டிக்குள் கார்டுகளை இணைக்கிற பலகை) விஷயத்தில் பழைய கதை ஒன்று இருக்கிறது, புதிதாக வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு முந்தைய 4500 வரிசையில் 4507ஆர்-இ என்று ஒரு பெட்டியும் 4507ஆர்+இ என்று ஒரு பெட்டியும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். முதலாவதில் ஸ்லாட்டுக்கு 24 கிகாபிட், இரண்டாவதில் 48. அந்த ஒரு கூட்டல் குறியைக் கவனிக்காமல் வாங்கியவர்கள் புது சூப்பர்வைசர் வந்தபோது அதன் முழு வேகத்தை எடுக்க முடியாமல் போனது. சேசிஸ் வாங்கினால் பத்து வருஷத்துக்கு உள்ளே கார்டு மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம் என்று சொல்வார்கள், அது பேக்ப்ளேன் இடம் கொடுக்கிற வரைக்கும்தான். எனவே இன்றைய சூப்பர்வைசரின் வேகத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், பெட்டி எதுவரை தாங்கும் என்று எழுதி வாங்குங்கள்.

9400-இல் இன்னொரு இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அப்லிங்க் போர்ட்டுகள் (மேலே உள்ள சுவிட்சுக்குப் போகிற இணைப்புகள்) சூப்பர்வைசரில்தான் இருக்கின்றன. சூப்பர்வைசர்-1-இல் எட்டு 10 கிகாபிட், இரண்டு 40 கிகாபிட். இரண்டு சூப்பர்வைசர் போட்டால் அது இரட்டிப்பாகும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் ஆகாது, இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். அப்லிங்க் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பிறகு ஃபைபருக்காக ஒரு லைன் கார்டு ஸ்லாட்டை இழக்க நேரிடும்.

அரூபா சிஎக்ஸ் 6400 இதற்கு நேர் எதிரான அமைப்பு. ஹெச்பிஈ நிறுவனத்தின் பெட்டி, 2019-இல் வந்தது, 6405-இல் 5 லைன் கார்டு, 6410-இல் 10. இங்கே ஒவ்வொரு லைன் கார்டுக்கும் சொந்த மூளை உண்டு, மேனேஜ்மென்ட் மாட்யூல் தனி. எனக்கு ரொம்பப் பிடித்தது, 48 போர்ட் செம்புக் கார்டிலேயே நான்கு எஸ்எஃப்பி56 அப்லிங்க் போர்ட்டும் சேர்ந்தே வருகிறது. ஃபைபருக்காகத் தனி ஸ்லாட் வீணாக்க வேண்டாம், கோர் (மற்ற சுவிட்சுகள் வந்து சேரும் நடுச் சுவிட்ச்), ஆக்சஸ் (சாதனங்களை நேரே செருகும் சுவிட்ச்) இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஏஓஎஸ்-சிஎக்ஸ் மென்பொருளும் நன்றாக யோசித்துச் செய்தது: செக்பாயிண்ட் வைத்துக்கொண்டு கன்ஃபிக் மாற்றலாம், பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்கே திரும்பலாம், சுவிட்சுக்குள்ளேயே பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டிக் கண்காணிக்கலாம். சிஸ்கோ கட்டளைகள் தெரிந்தவருக்குப் பழக அதிக நாள் ஆகாது.

அப்படியிருந்தும் மருத்துவமனைக்கு அதை ஏன் எடுக்கவில்லை? அரூபா தன் உயர் கிடைப்புத் திட்டமாக முன்வைப்பது விஎஸ்எக்ஸ். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு, ஒன்றை மேம்படுத்தும்போது மற்றொன்று டிராஃபிக்கைச் சுமக்கும். கோர் சுவிட்சாக வைத்தால் அருமையான ஏற்பாடு, ஏனென்றால் கீழே இருக்கிற ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் இரண்டு பெட்டிக்கும் கேபிள் போகும். இரண்டு மூளை தனித்தனியாக இருப்பதால் ஒன்றில் வருகிற மென்பொருள் கோளாறு மற்றொன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதில்லை, இந்த விஷயத்தில் இரண்டு பெட்டியை ஒரே சுவிட்சாக நடத்துகிற சிஸ்கோவின் ஸ்டாக்வைஸ் வெர்ச்சுவலைவிட இதை நான் மேலாகவே நினைக்கிறேன். ஆனால் நர்ஸ் மேசைத் தொலைபேசிக்கு ஒரே ஒரு கேபிள்தான், அது ஒரு பெட்டிக்குத்தான் போகும். அந்தப் பெட்டி ரீபூட் ஆனால் விஎஸ்எக்ஸ் இருந்தும் அந்தத் தொலைபேசி நிற்கும். ஆக்சஸ் அடுக்குக்கு வாங்குகிறவர்கள், ஒரே பெட்டிக்குள் இரண்டு மேனேஜ்மென்ட் மாட்யூல் வைத்து மேம்படுத்தும்போது லைன் கார்டு போர்ட்டுகள் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தங்கள் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லுங்கள், சிஸ்கோவானாலும் சரி அரூபாவானாலும் சரி. ஐஎஸ்எஸ்யு-வும் எல்லாப் பதிப்பிலிருந்தும் எல்லாப் பதிப்புக்கும் நடக்காது, எந்தெந்த ஜோடிக்கு நடக்கும் என்று பட்டியல் இருக்கிறது, அதைப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இனி மின்சாரம். என்னைக் கேட்டால் சேசிஸ் திட்டத்தில் பாதி இதுதான், ஆனால் கொட்டேஷனில் ஒரு வரியாகத்தான் இருக்கும். பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே சாதனத்துக்கு மின்சாரம் கொடுப்பது) கணக்கை எடுத்துக்கொள்வோம். பழைய தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், பிஓஇ பிளஸில் 30, 2018-இல் வந்த 802.3பிடி தரத்தில் 60-உம் 90-உம். 48 போர்ட்டுக்கும் 30 வாட் முழுசாகக் கொடுத்தால் ஒரு கார்டுக்கு 1,440 வாட், ஐந்து கார்டுக்கு 7,200 வாட். இந்த எண்ணைக் காட்டித்தான் நிறைய பவர் சப்ளை விற்கிறார்கள். உண்மையில் யாருக்கும் அவ்வளவு ஆகாது. உதாரணத்துக்கு 100 ஐபி தொலைபேசி தலா 7 வாட், 60 ஆக்சஸ் பாயிண்ட் தலா 30, 40 கேமரா தலா 15.4 என்று வைத்தால் 700, 1,800, 616, மொத்தம் 3,116 வாட். சேசிஸ் தனக்கென்று ஆயிரம் வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 3,200 வாட் பவர் சப்ளை இரண்டு இருந்தால் ஓடும், ஒரு யுபிஎஸ் பக்கம் முழுசாகப் போனாலும் ஓட வேண்டும் என்றால் நான்கு, ஒரு யுபிஎஸ்ஸில் இரண்டு, மற்றொன்றில் இரண்டு. 9407ஆர்-இல் எட்டு பவர் சப்ளை வரை இடம் இருக்கிறது, எல்லாவற்றையும் நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். சாதனம் தன் வகுப்பை (எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற வகை) சொல்கிறது, சுவிட்ச் அந்த வகுப்பின் முழு வாட்டையும் ஒதுக்கி வைக்கிறது. 7 வாட் மட்டுமே உண்மையில் எடுக்கிற தொலைபேசி மூன்றாம் வகுப்பு என்று சொன்னால் 15.4 வாட் ஒதுக்கப்பட்டுவிடும், நூறு தொலைபேசிக்கு 700 வாட் என்று போட்ட கணக்கு 1,540 ஆகிவிடும். எல்எல்டிபி (சாதனமும் சுவிட்சும் தகவல் பரிமாறும் முறை) வழியாகச் சரியான தேவையைப் பேசிக்கொள்ளும் தொலைபேசி என்றால் இந்தப் பிரச்சனை குறையும். வாங்குமுன் உங்களிடம் இருக்கிற தொலைபேசி, கேமரா எல்லாவற்றின் வகுப்பையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், விற்பனைப் பொறியாளரிடம் அதைக் கொடுங்கள்.

3,200 வாட் பவர் சப்ளை ஒன்று முழு சுமையில் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 15 ஆம்பியர் இழுக்கும். அதாவது ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும், ஒரே சாக்கெட் பட்டையில் இரண்டைச் செருகும் பேச்சே வேண்டாம். கேபிள் முனையும் கம்ப்யூட்டருக்கு வருகிற சாதாரண முனை இல்லை, சி19 என்கிற பெரிய முனை, அது பொருந்துகிற பவர் பட்டை ரேக்கில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பெட்டி வந்து இறங்கிய பிறகு எலக்ட்ரீஷியனைத் தேடி ஒரு வாரம் காத்திருந்த அலுவலகங்கள் உண்டு. எர்த்திங் சரியாக இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு வோல்டேஜ் காட்டுகிறது என்பதையும் அளந்து எழுதி வாங்குங்கள். ஜெனரேட்டருக்கு மாறுகிற அந்தச் சில விநாடிகளை யுபிஎஸ் தாங்குமா என்பதை வெறும் விளக்கைப் போட்டுப் பார்க்காமல் முழு சுமையில் பார்க்க வேண்டும்.

ஏசி கணக்கில் எல்லாரும் அதிகமாகப் போடுகிறார்கள், இங்கே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். பிஓஇ-ஆக வெளியே போகிற 3,000 வாட் சர்வர் அறையில் சூடாவதில்லை, வார்டிலும் காரிடாரிலும் இருக்கிற தொலைபேசியிலும் ஆக்சஸ் பாயிண்டிலும்தான் போய்ச் சூடாகும். அறைக்குள் தங்குவது சேசிஸ் தானே தின்பதும் பவர் சப்ளையில் வீணாவதும்தான். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் சூட்டை வெளியேற்றும். மொத்த இன்புட் வாட்டையும் சூடு என்று எடுத்துக்கொண்டு இரண்டு டன் கூடுதலாகப் போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்தப் பணத்தை ஒன்று பழுதானால் இன்னொன்று ஓடும்படி இரண்டு ஏசியாகப் பிரித்துப் போடுவதில் செலவழிக்கலாம்.

காற்று போகிற திசையும் முக்கியம். 9400-இல் காற்று பக்கவாட்டில் போகிறது, ஒரு பக்கம் உள்ளே, மறு பக்கம் வெளியே. நம் ஊர் சர்வர் அறைகளில் சாதாரணமாக இருக்கிற 600 மில்லிமீட்டர் அகல ரேக்கில் பக்கக் கதவையும் மூடி, இரு ஓரமும் கேபிளை அடைத்துவிட்டால் பெட்டிக்கு மூச்சு விட இடம் இருக்காது. 800 மில்லிமீட்டர் அகல ரேக் வாங்குங்கள், கேபிளை அடுக்கவும் அது வேண்டும். இரண்டு சேசிஸைப் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் வைத்தால் ஒன்று விடும் சூட்டை மற்றது உறிஞ்சும், நடுவில் இடைவெளியோ தடுப்போ வையுங்கள். ஃபேன் ட்ரேயை 9400-இல் முன்பக்கமிருந்தும் எடுக்கலாம், பின்பக்கமிருந்தும் எடுக்கலாம். 240 கேபிள் தொங்குகிற முன்பக்கத்தைத் தொடாமல் பின்னால் போய் ஃபேனை மாற்ற முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

லைசென்ஸுக்கு வருவோம். சிஸ்கோவில் இரண்டு அடுக்கு. நெட்வொர்க் எசென்ஷியல்ஸ் அல்லது அட்வான்டேஜ் என்பது நிரந்தரம். அதன் மேல் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கான டிஎன்ஏ என்கிற சந்தாவை 3, 5 அல்லது 7 வருஷத்துக்கு முதல் முறை வாங்கும்போது கூடவே வாங்க வேண்டும். சந்தா முடிந்தால் சுவிட்ச் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நிற்காது, நிரந்தர அடுக்கில் உள்ளது தொடர்ந்து ஓடும். எனவே கட்டுப்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லை என்றால் மூன்று வருஷச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிஜிபி, விஆர்எஃப் (இரண்டும் ரூட்டிங் அம்சங்கள்), ஸ்டாக்வைஸ் வெர்ச்சுவல் போன்றவற்றுக்கு அட்வான்டேஜ் வேண்டும், உங்களுக்குத் தேவையான ஒவ்வோர் அம்சமும், குறிப்பாக ஐஎஸ்எஸ்யு, எந்த அடுக்கில் வருகிறது என்பதைப் பெயர் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். அரூபாவில் சுவிட்சிங், ரூட்டிங் அம்சங்களில் பெரும்பாலானவை பெட்டியோடு வந்துவிடும், கிளவுடிலிருந்து நிர்வகிக்க சென்ட்ரல் சந்தா தனி. இந்த ஒரு விஷயத்தில் அரூபா வாங்குகிறவருக்கு நேர்மையாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. அரிஸ்டா 750 வரிசை நல்ல பெட்டி, டேட்டா சென்டரில் ஏற்கெனவே அரிஸ்டா வைத்திருந்தால் அதே இஓஎஸ் மென்பொருள் கேம்பஸிலும் ஓடும், ஆனால் சிறு நகரங்களில் அது தெரிந்த பொறியாளர் கிடைப்பது கடினம். ஜூனிப்பரின் இஎக்ஸ்9200 கோருக்கான பெட்டி, ஆக்சஸுக்கு அவர்களே வெர்ச்சுவல் சேசிஸ் என்று 10 சுவிட்ச் வரை இணைக்கிற வழியைத்தான் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் ஹெச்பிஈ ஜூனிப்பரை வாங்கி முடித்துவிட்டது, இப்போது ஒரே நிறுவனத்திடம் இரண்டு கேம்பஸ் வரிசைகள் இருக்கின்றன, ஆகவே அரூபா 6400 வாங்கினாலும் ஜூனிப்பர் வாங்கினாலும் எத்தனை வருஷத்துக்குப் புது லைன் கார்டு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது வீண் பயம் இல்லை. நார்டெல் 2009-இல் திவாலானது, அதன் நிறுவன நெட்வொர்க் பிரிவு அவாயாவிடம் போனது, 2017-இல் அங்கிருந்து எக்ஸ்ட்ரீமிடம் போனது. நார்டெல் சேசிஸ் வாங்கி வைத்திருந்தவர்கள் சப்போர்ட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதே மாறிக்கொண்டிருந்தது. ஸ்டாக் என்றால் அடுத்த முறை வேறு நிறுவனத்துக்கு மெல்ல மாறலாம், சேசிஸில் பெட்டிக்குள் போகிற எல்லாமே ஒரே நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும்.

ரிட்சி ஸ்ட்ரீட்டிலும் பெங்களூரு எஸ்பி ரோட்டிலும் பழைய 4500 வரிசை சேசிஸ் ரொம்பக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பயிற்சிக் கூடத்துக்கு வாங்குங்கள், படிக்கிற பிள்ளைகளுக்கு உள்ளே கார்டைக் கழற்றி மாட்டிப் பார்க்க அதைவிட நல்ல பொருள் இல்லை. நிறுவனத்துக்கு வேண்டாம். 2020-இல் அதன் விற்பனையே நின்றுவிட்டது, சப்போர்ட்டும் முடிந்துவிட்டது, பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதற்குத் திருத்தம் வராது.

சப்போர்ட் ஒப்பந்தத்தில் 'அடுத்த வேலை நாள்' என்றும் 'நான்கு மணி நேரம்' என்றும் இரண்டு வகை உண்டு. நான்கு மணி நேரத்துக்குப் பணம் கட்டும் முன், உங்கள் ஊர் பின்கோடுக்கு அது உண்மையாகவே உண்டா, உதிரி எந்த ஊர்க் கிடங்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். சென்னையில் கிடைக்கிறது என்பதால் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. மருத்துவமனைக்கு நான் சொன்ன வழி: அடுத்த வேலை நாள் ஒப்பந்தம், மிச்சமாகிற பணத்தில் ஒரு 48 போர்ட் லைன் கார்டும் ஒரு பவர் சப்ளையும் அங்கேயே பூட்டி வைப்பது. சூப்பர்வைசர் ஏற்கெனவே இரண்டு இருப்பதால் அதற்கு ஸ்பேர் தேவையில்லை. லைன் கார்டு செத்தால் இரவு வேலையில் இருக்கிற ஆளே மாற்றிவிடலாம், ஒரு நிபந்தனை, கேபிள் ஒவ்வொன்றிலும் போர்ட் எண் ஒட்டியிருக்க வேண்டும்.

ஆக திருப்பூருக்கு 9300 ஐந்து, கூட ஒன்று ஸ்பேர். மதுரைக்கு 9407ஆர், இரண்டு சூப்பர்வைசர், நான்கு பவர் சப்ளை, ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு மட்டும் வேகமான லைன் கார்டு, மீதி சாதாரண பிஓஇ பிளஸ் கார்டு. இந்த இரண்டு இடங்களில் எதிலாவது தனியாகக் கோர் வாங்க வேண்டியிருந்தால், ஒரு ஜோடி அரூபா 6405-ஐ விஎஸ்எக்ஸில் வைக்கத்தான் சொல்வேன். ஆர்டர் போடும் முன் கடைசிப் பட்டியலில் பார்க்க வேண்டியவை: இரண்டாவது சூப்பர்வைசர் தனி வரியாக இருக்கிறதா, காலி ஸ்லாட்டுக்கு மூடித் தகடு இருக்கிறதா (அது இல்லாமல் விட்டால் காற்று அந்த வழியாகத் தப்பிவிடும், கார்டுகள் சூடாகும்), பவர் கேபிள் இந்திய முனையோடு வருகிறதா, அப்லிங்க் ஆப்டிக்ஸ் இரண்டு முனைக்கும் எண்ணிப் போட்டிருக்கிறார்களா, 18 சதவீத ஜிஎஸ்டி விலைக்குள்ளா வெளியேயா.